டோம்பிவிலி ஃபாஸ்டில் படிக்க போனே போதுமா, கிண்டில் வாங்கிக்கொள்ளலாமா?

டோம்பிவிலிக்காரன்

வணக்கம். மும்பையில் ஃபோர்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். காலையில் புறநகர் ரயிலில் டோம்பிவிலியில் ஏறி, கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி.யில் இறங்க, ஃபாஸ்ட் வண்டியிலேயே ஒண்ணேகால் மணி நேரம் ஆகிவிடும். சாயங்காலமும் அதே கதை. நாலு வருஷமாக அந்த நேரம் முழுக்கப் போனில் தமிழ் நாவல்தான்.

அச்சுப் புத்தகம் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் ஒரு தடவை காலை எட்டரை மணி வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். ஒரு கை மேலே கைப்பிடியில் இருக்கும். இன்னொரு கையை முகத்துக்கு நேரே கொண்டுவரவே பத்து நிமிஷம் ஆகும். பக்கத்தைத் தள்ளக்கூட விரல் எட்டாது. அதனால் வால்யூம் பட்டனை அமுக்கினால் பக்கம் புரளும்படி ஆப்பில் மாற்றி வைத்திருக்கிறேன். இந்த வசதி இல்லையென்றால் எப்போதோ படிப்பதை விட்டிருப்பேன்.

போன மார்கழியில் வயது 45 முடிந்தது. கூடவே வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொல்தான் நிற்கிறது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமெல்லாம்’ என்று ஒன்று வந்துவிட்டால் ஒரு வரி போதாமல் அது பாதியில் உடைகிறது. மீதி வரிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி, பல் விழுந்த வாய் மாதிரி. தானே ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கண் எரிகிறது. நடுநடுவே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘குட்மார்னிங்’ பூ அனுப்புவார்கள், படித்த வரி போய்விடும்.

முலுண்டில் இருக்கும் என் மச்சான், மின்னூல் படிக்கிற கருவியான கிண்டில் ஒன்றை அலமாரியில் போட்டு வைத்திருக்கிறான். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறான். தயங்குவதற்குக் காரணம் உண்டு. பல வருஷம் முன்னால் ஒரு நண்பர் கருவியில் தமிழைத் திறந்து பார்த்தேன். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, ‘கொ’ மூன்று துண்டாகக் கிடந்தது. இப்போதும் அப்படித்தானா? இன்னொன்று: திருநெல்வேலியிலிருந்து அப்பா வாரம் ஒரு பழைய புத்தகத்தை ஸ்கேன் பிடிஎஃப் ஆக அனுப்புகிறார். ‘படிச்சியா’ என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பார். அதைச் சின்னத் திரையில் எப்படிப் படிப்பது?

மாட்டுங்கா மாமி

தம்பி, எனக்கு 68. இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு மகள் கிண்டில் வாங்கிக் கொடுத்தாள். எழுத்தை நன்றாகப் பெரிதாக்கிவிட்டேன். ஒரு பக்கத்தில் பதினோரு வரிதான் வருகிறது, ஆனால் வரி வரியாக இருக்கிறது. போனில் அதே அளவு வைத்தால் நீங்கள் சொல்கிற பல் விழுந்த வாய்தான். பால்கனியில் வெயிலில் உட்கார்ந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், போன் அங்கே கண்ணாடியாகிவிடும். சார்ஜ் எப்போது போட்டேன் என்றே நினைவிருக்காது.

கூட்டத்தில் எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் ரயிலில் ஏறியே மூன்று வருஷம் ஆகிறது.

குர்லா கடைசிப்பெட்டி

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசையாக வாங்கினேன், எட்டு மாதம் படித்தேன். ஒருநாள் தோள்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஏறினேன். உள்ளே கிண்டிலுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் டிபன் டப்பா. தாதரில் இறங்கி எடுத்துப் பார்த்தால் திரையின் கீழ்ப்பாதியில் கோடு கோடாக நின்றுபோன பக்கம். மேலே இருக்கிற பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே இருக்கிற மெல்லிய கண்ணாடிதான் போயிருக்கிறது. திரை மாற்ற ஆகும் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வாங்கலாம் என்றார்கள்.

கையில் இரண்டு பொருள் இருந்தால் ஒன்று உடையும், இல்லையென்றால் ஒன்று தொலையும். போனில் டார்க் மோட் போட்டுக்கொண்டு படியுங்கள் சார். கண்ணுக்கு நல்ல கண்ணாடி வாங்குங்கள்.

செம்பூர் வாசகன்

கடைசிப்பெட்டி சொல்வது உண்மை, ஆனால் கெட்டி அட்டை போட்ட உறை வாங்காதது அவர் தப்பு. சரி, கேள்விக்கு வருகிறேன்.

கொம்பு விஷயம் பழைய கதை. அந்தக் காலக் கருவிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. 2016 டிசம்பரில் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஐந்திலும் கிண்டில் புத்தகங்கள் விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு அப்புறம் வந்த எந்தக் கருவியிலும் கொம்பு அதனதன் இடத்தில்தான் இருக்கும். அதற்கு முன்னால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ‘6 இன்ச் பிடிஎஃப்’ என்று தனியாக ஒன்று வைத்திருப்பார்கள். எழுத்து உடையாமல் இருக்க, பக்கத்தையே சின்னத் திரை அளவுக்குச் செய்து கொடுத்துவிட்டார்கள். நான் அதில்தான் படிக்கத் தொடங்கினேன். இப்போது அங்கே இபப் (EPUB) என்கிற மின்னூல் கோப்பை எடுத்தால் போதும். நம் கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் ‘சென்ட் டு கிண்டில்’ வசதி 2022 முதல் இபப்பை நேராக வாங்கிக்கொள்கிறது.

மாடலை மட்டும் பாருங்கள். விலை குறைந்த கிண்டில்களில் 2022 வரை திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிதான். ஆங்கிலத்துக்கு அது பரவாயில்லை. நமக்கு ண, ணை என்று சுழி நிறைய, மேலே புள்ளி வேறு. எழுத்தைச் சின்னதாக்கினால் புள்ளி மங்கி, மெய்யா உயிர்மெய்யா என்று ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கும். 300 புள்ளி உள்ளதென்றால் கவலையே இல்லை.

கண் எரிச்சலுக்கு வருவோம். கிண்டிலில் இருப்பது மின்தாள் திரை, அதில் பக்கம் தானாக ஒளிர்வதில்லை. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக மின்னூட்டம் ஏற்றிய நுண்துகள்கள் இருக்கின்றன. பக்கம் மாறும்போது மட்டும் அவை இடம் மாறும், அப்புறம் மின்சாரமே தேவையில்லாமல் அப்படியே நிற்கும். மாமிக்கு சார்ஜ் போட்டது மறந்துபோவது அதனால்தான். இருட்டில் படிக்க வைத்திருக்கும் விளக்குகூட ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல்தான் படுகிறது, உங்கள் கண்ணைப் பார்த்து அடிப்பதில்லை. ஆனால் உங்கள் எரிச்சலில் பாதி திரையால் வருவது இல்லை என்பது என் சந்தேகம். உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும். கிண்டிலிலும் சிமிட்ட மறந்தால் எரியத்தான் செய்யும். முதலில் கண் மருத்துவரிடம் போய்ப் படிக்கிற கண்ணாடி போடுங்கள்.

இப்போது அப்பாவின் பிடிஎஃப். இதுதான் உண்மையான தலைவலி. ஸ்கேன் என்பது புகைப்படம். அதில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே இழுத்துப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்த வேண்டும். போன வருஷம் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், வேலை இல்லாத ஞாயிறு. என்னிடம் இருக்கும் பழைய கிரவுன் சைஸ் நாவலில், ஓரங்களை விட்டுவிட்டால் அச்சு இருக்கும் அகலம் 9 செ.மீ. ஆறு அங்குலக் கிண்டில் திரையின் அகலமும் ஏறக்குறைய அதேதான். ஆறரை அங்குலப் போன் என்கிறோமே, அது மூலைக்கு மூலை ஆறரை. அகலம் 7 செ.மீ.கூட வராது. அதாவது ஓரத்தை வெட்டிவிட்டால் பழைய புத்தகம் கிண்டிலில் கிட்டத்தட்ட அச்சான அளவிலேயே நிற்கும், போனில் நிற்காது.

ஓரம் வெட்டக் கணினியில் ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. பெயர் வாயில் நுழையாது, வேலை செய்யும். ஸ்கேன் படத்தையே வரி வரியாகப் பிரித்துச் சின்னத் திரைக்கு அடுக்கித் தரும். தமிழ் தெரிய வேண்டியதில்லை, அதற்கு எல்லாம் படம்தான். பெரிய டெம்மி சைஸ் என்றால் கிண்டிலைப் படுக்க வைத்துப் படியுங்கள். பக்கம் இரண்டு மூன்று துண்டாக வரும்.

அதற்கும் முன்னால், அப்பா அனுப்பும் புத்தகம் மதுரைத் திட்டம் என்கிற இலவச மின்னூல் தளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 1998-இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாட்டுடைமையான எழுத்தாளர் என்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. யூனிகோடு பதிப்பாகப் பார்த்து எடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியீட்டில் இருக்கும் பழைய கோப்பைத் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும்.

போனிலேயே இருக்க முடிவெடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். ஆப்பில் வரியின் இரு ஓரத்தையும் சமமாக்கும் ‘ஜஸ்டிஃபை’யை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். பல் எல்லாம் முளைத்துவிடும்.

டோம்பிவிலிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மச்சானிடம் போய் வாங்கி வந்துவிட்டேன். 2018 கிண்டில் பேப்பர்வைட் மாடல், ஆறு அங்குலம், 300 புள்ளி. ஒன்பது நாள் ஆகிறது, உடனே எழுதாமல் படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கொம்பு சரி. எழுத்து அருமை. ஆனால் டோம்பிவிலி முதல் தானே வரை அதைப் பையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. வால்யூம் பட்டன் இல்லாதது கையொடிந்த மாதிரி. பக்கம் மாற்றத் திரையைத் தொட வேண்டும், ஒரே கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தொட்டால் கருவி நழுவப் பார்க்கிறது. ஒருமுறை பக்கத்தில் இருந்தவரின் முழங்கை பட்டு ஏழெட்டுப் பக்கம் ஓடிவிட்டது. கொலை செய்தவன் யார் என்று தெரிந்துபோயிற்று.

அதனால் இப்போது நின்றுகொண்டிருக்கும்வரை போன். காட்கோபரிலோ குர்லாவிலோ யாராவது எழுந்தால், மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளாகப் பாதி உடம்பை வைத்துக்கொண்டு கிண்டில். இபப்பை ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்பியதால் போனில் விட்ட இடம் இதிலும் வருகிறது. ஹாட்ஸ்பாட் போட மறந்தால் மட்டும் நேற்று விட்ட இடத்திலேயே நிற்கும். இரண்டு நாள் அதே மூன்று பக்கங்களைப் படித்தேன், இரண்டாம் நாள்தான் உறைத்தது.

அப்பாவின் பிடிஎஃப்தான் ஆச்சரியம். ஓரம் வெட்டிப் போட்டேன், செம்பூர் வாசகன் சொன்னது அப்படியே சரி. 1960களில் அச்சான புத்தகம், ஈய எழுத்து அங்கங்கே தேய்ந்திருக்கிறது, யாரோ பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். அதுவும் தெரிகிறது. கோடு போட்ட விதத்தைப் பார்த்தால் அப்பா போட்டது மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.

குர்லா கடைசிப்பெட்டி

உறை வாங்கினீர்களா?

டோம்பிவிலிக்காரன்

வாங்கிவிட்டேன் சார், டப்பாவும் தனிப் பையில். நேற்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரொம்ப நேரம் என் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். தமிழர்தான், நம்மூர்ப் பேச்சு. பைகுல்லா வந்ததும் மெதுவாக, “தம்பி, இதுல தந்தி பேப்பர் வருமா?” என்று கேட்டார். வராது என்றேன். “அப்புறம் எதுக்கு?” என்று எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

மாட்டுங்கா மாமி

பென்சில் கோடு யாருடையது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள் தம்பி.