ஆடிக்கூழுக்குக் காசு தருவேன், ஓடர் கூழுக்குத் தரமாட்டேன்

ஊரவர் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி முதல் நாள், ஆடிப்பிறப்புக்கு ஊரில் கூழ் ஊற்ற வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் ஆளுக்கு 50 டொலர் போட வேணும் என்று எங்கடை ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணை எழுதியிருக்கிறார். ஸ்காபரோ ஆக்கள் உடனே ஓம் என்று போட்டுவிட்டார்கள். லண்டன் தம்பி போன முறைக் கணக்கைக் கேட்கிறார். கேட்கத்தான் வேணும். என்ரை கவலை கூழைப் பற்றினது.

போன ஆடிக்கு நான் ஊரில் நின்றேன். வாசிகசாலையில் ஊற்றின கூழ் ரவுண் கடையில் ஓடர் குடுத்து வான் வண்டியில் வந்தது. வாயில் வைத்தவுடனே தெரிந்தது, சீனிக் கூழ். பனங்கட்டி, அதுதான் பனைவெல்லம், போட்டதென்றால் இறக்கும்போதே ஒழுங்கை முடக்குவரை மணக்கும். தேங்காய்ச் சொட்டு மருந்துக்கும் இல்லை. எங்களுக்கு அனுப்ப வீடியோ எடுத்து முடியுமட்டும் பிள்ளைகளைப் பிளாஸ்டிக் கப்போடு வெயிலில் நிற்பாட்டி வைத்தார்கள். கிடாரம் கிடாரமாகக் காய்ச்சின எங்கடை பெரியம்மா ஒரு ஓரமாகக் கதிரையில் இருந்தா. "எங்களை ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றா.

அந்தக் கதிரைக்கும் நாங்கள் அனுப்பின காசுதான் போயிருக்கும்.

பெரியம்மாவிடம் இருக்கிற கைப்பக்குவத்தை எந்தக் கடையிலும் வாங்க ஏலாது. பச்சையரிசி மாவைச் சிவக்க விடாமல் வறுக்கிற பதம், பயறு வறுத்துத் தோல் நீக்கி அரை அவியலில் எடுக்கிறது, பனங்கட்டியைக் கரைத்து ஓலைத்தும்பும் மண்ணும் போகச் சீலையில் வடிக்கிறது, தேங்காய் முதற்பாலைக் கடைசியில் விட்டுக் கொதிக்க விடாமல் இறக்கிறது, பிறகு மிளகு சீரகத் தூள். என்ரை மகள் இங்கேயிருந்து வைபரில் பார்த்துப் பார்த்துப் பழகினவள். ஆடிக்கு ஏன் பனங்கட்டி என்று அவள் கேட்டதற்குப் பெரியம்மாதான் சொன்னா: பங்குனி சித்திரையில் கருப்பணி (பதநீர்) காய்ச்சி வார்த்த கட்டி, ஆடி வரேக்கை அதை வார்த்த ஓலைக் குட்டானோடு புதுசாக வீட்டில் இருக்கும். ஊரில் நிற்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆளில்லையா? இருக்கினம். கதிரையில் இருத்திவிட்டோம்.

ஓடரை விட்டு வீட்டுக்கு வீடு மா வறுக்கச் சொன்னால் வீடுகளுக்கிடையில் பழைய பிரச்சினை கிளம்பும் என்று மில்லடி மாமா எழுதியிருக்கிறார். மாமா, கேணியடி வீட்டார் அந்தக் காலத்தில் திருப்பி அனுப்பின கூழ்ப்பானையை நாங்களும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பானையைச் சொல்லிக்கொண்டே இரண்டு தலைமுறை போய்விட்டது. அதைவிட ஒன்று எனக்கு உறுத்துகிறது. வடலிப் பக்கத்து ஆக்கள் பனை ஏறி இறக்கின கருப்பணிக் கட்டியில் கூழ் காய்ச்சி, சாதி பார்த்து அவர்களுக்குப் படலைக்கு வெளியில் வார்த்தோம். பொருளாதாரத் தடை நேரம் சீனி இல்லாமல் ஊர் முழுக்கப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்ததும் அவர்கள் தயவில்தான். இந்த முறை கட்டி அவர்களிடம்தான் வாங்க வேணும், கேட்கிற விலைக்கு. அவர்களும் முற்றத்தில் அகப்பை பிடிக்க வேணும், எல்லோரோடும் இருந்து குடிக்க வேணும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பாரிஸ் அண்ணை பெரிய பனர் அடிக்கக் கேட்டிருக்கிறார், நன்கொடையாளர் பெயரோடு. என்ரை பெயர் வேண்டாம் அண்ணை. அந்தக் காசுக்குத் தேங்காய் வாங்கலாம். கப்பும் வேண்டாம், பலாவிலை கோலிக் குடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கோ. கொழுக்கட்டையைப் பெட்டையளும் பெடியளும் சேர்ந்து பிடிக்கட்டும், கோணினாலும் பரவாயில்லை.

பொருளாளர் அண்ணை, யாரிடம் கட்டி, எந்த வீட்டில் மா, விறகுக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் போடுங்கோ. லண்டன் தம்பிக்கும் அது காணும். ஜூலை 17க்கு முன்னம் கட்டி கையில் இருக்க வேணும், பிந்தினால் சீனி கலந்ததுதான் கிடைக்கும். வானில் வாற கடைக் கூழுக்கு ஓடர் இல்லை என்று நீங்கள் எழுதுகிற அன்றைக்கே என்ரை 50ஐயும் தங்கச்சியின்ரை 50ஐயும் போட்டுவிடுகிறேன்.