‘ஹேர்’ பார்த்தவங்க வாங்க: கடைசில ஆடியன்ஸ் மேடை ஏறி ஆடுனது சரியா?

நாடகக்கிறுக்கி:
நியூ ஜெர்சில எங்க ஊர் பக்கம் ஒரு அமெச்சூர் குழு போன வாரம் ‘ஹேர்’ போட்டாங்க. 1967ல நியூயார்க் பப்ளிக் தியேட்டர்ல ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் ஏப்ரல்ல பிராட்வே (நியூயார்க்கோட பெரிய நாடக அரங்கங்க) போய் 1750 ஷோ ஓடுன ராக் மியூசிக்கல். தெரியாதவங்களுக்கு கதை சுருக்கமா: க்ளாட்னு ஒரு பையனுக்கு வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கற ஓலை வந்துடுது, நீளமுடி வளத்த ஹிப்பி கூட்டாளிங்க எல்லாம் டிராஃப்ட் கார்டை (கட்டாய ராணுவ ஆள்சேர்ப்புக்குப் பேர் பதிஞ்சவங்களுக்குக் குடுக்கற அட்டை) எரிச்சுப் போட்டுட்டு எங்ககூட இருடாங்கறாங்க, அவனுக்கு மனசு வரல, பட்டாளத்துக்குப் போறான், செத்துடறான். பசங்க உயிரைக் குடுத்து நடிச்சாங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. என் கோபம் ஆடியன்ஸ் மேல. கடைசிப் பாட்டு முடிஞ்சு மேடைக்கு வாங்கன்னு கூப்பிட்டதும் பாதி ஹால் தலைல பூ வளையத்தோட ஓடுது. க்ளாடா நடிச்ச பையன் யூனிஃபார்மோட இன்னும் படுத்துதான் கெடக்கான், எழுந்திருக்கக்கூட இல்ல, ஒருத்தர் அவன் காலைத் தாண்டிப் போய் நின்னு செல்ஃபி எடுக்கறார். பிணத்தைத் தாண்டிப் போய் செல்ஃபி! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சித்திரைவெயில்:
அக்கா, நானும் சனிக்கிழமை ஷோ பார்த்தேன், நானும் மேடை ஏறி ஆடுனேன், அதுல எனக்கு எந்த வெட்கமும் இல்ல. ஆடியன்ஸைக் கூப்பிடறது இந்தக் குழு கண்டுபிடிச்சது கிடையாது, அந்தக் காலத்துலேர்ந்தே உண்டு. லண்டன்ல 1969ல இளவரசி ஆன் மேடை ஏறி ஆடுனது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. உள்ளே பூட்டி வெச்ச துக்கம் ஆட்டமா வெளிய வரணும்னுதான் அந்த இடமே இருக்கு. நம்ம ஊர்ல சாவு வீட்ல பறை அடிச்சு ஆடறதில்லையா? அதை யாராச்சும் மரியாதைக் குறைவுன்னு சொல்வாங்களா?

நாடகக்கிறுக்கி:
//நம்ம ஊர்ல சாவு வீட்ல பறை அடிச்சு ஆடறதில்லையா?//
ஆடறோம் தம்பி. ஆனா அங்க ஆடறவனுக்கு செத்தது யாருன்னு தெரியும். இங்க எனக்குப் பின்னாடி சீட்ல இருந்த ரெண்டு பொண்ணுங்க இடைவேளைல ‘அந்தக் கார்டு எதுக்கு, லைசென்ஸா’ன்னு பேசிக்கறாங்க. 1965லயே அந்தக் கார்டை எரிச்சா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் கொண்டுவந்துட்டாங்க. அது தெரியாம பார்த்தா க்ளாட் கார்டைக் கைல வெச்சுக்கிட்டு நடுங்கறது சும்மா ஓவர் ஆக்டிங்காத்தான் தெரியும். நிகழ்ச்சிக் குறிப்புல நடிகர் போட்டோவுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குனவங்க இதுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிருக்கலாம்.

தாளம்தப்பாதவன்:
ட்ரம்ஸ் வாசிக்கறவன்ங்கற முறைல ஒண்ணு சொல்றேன். ஜனங்க குதிக்கறதுக்கு பாதி காரணம் ரேடியோ. ஃபிஃப்த் டைமன்ஷன் குழு 1969ல நாடகத்தோட முதல் பாட்டையும் கடைசிப் பாட்டோட பல்லவியையும் ஒட்டி ஒரு ரெக்கார்டு போட்டாங்க, அமெரிக்கால ஆறு வாரம் நம்பர் ஒன். அதுல கடைசிப் பாட்டோட முன்பகுதியையே எடுத்துட்டாங்க, பசி, பொய், தனிமைன்னு இருண்டு போய்க் கெடக்கற பகுதி அது. நாடகத்துல அதுக்கப்புறம்தான் வெளிச்சத்தை உள்ள விடுன்னு திரும்பத் திரும்பக் கெஞ்சறாங்க. முன்பகுதியைக் கேக்காதவனுக்கு அந்தக் கெஞ்சல் கொண்டாட்டமாத்தான் கேக்கும். இந்தக் குழுவோட பேண்டு அந்த இடத்துல வேகத்தைக் கூட்டிட்டாங்க, அங்கதான் கோட்டை விட்டாங்க. மத்தபடி கிட்டார் பையனும் பேஸ் வாசிச்ச பொண்ணும் அடி தூள். இசையமைச்ச கால்ட் மெக்டெர்மாட் ஹிப்பி கிடையாது, கேப் டவுன்ல படிச்ச மனுஷன், ஆப்பிரிக்கத் தாளமெல்லாம் அங்க கேட்டவர், அந்த ஆட்டம் இவங்க கைல நல்லாவே வந்துச்சு.

மடிப்பாக்கம்மாமி:
எல்லாரும் முடிவைப் பத்தியே பேசறேள். நான் இடைவேளையோட எழுந்து வந்துட்டேன். முதல் பாதி முடியறச்சே துணி இல்லாம நிக்கற சீன் வரும்னு வாசல்ல ஒரு போர்டு வெச்சிருக்க வேண்டாமா? பக்கத்துல பன்னெண்டு வயசுப் பேத்தி. அப்புறம் ஊதுபத்தி கொளுத்திண்டு ஹரே கிருஷ்ணா பாடறா, நம்ம பகவான் நாமத்தை வேஷத்துக்கு எடுத்துண்ட மாதிரி மனசு உறுத்தித்து.

சித்திரைவெயில்:
மாமி, போர்டு வெச்சிருக்கணும், அதுல உங்க கட்சிதான். ஆனா அந்த சீன் கிளுகிளுப்புக்கு வெச்சது இல்ல. பழைய பிராட்வே ஷோலயே மங்கல் வெளிச்சத்துல கொஞ்ச நேரம்தான், இஷ்டம் இருக்கறவங்கதான் நிப்பாங்க, யாரையும் கட்டாயப்படுத்தினது கிடையாது. லண்டன்ல நாடகத் தணிக்கையை எடுத்த சட்டம் அமலுக்கு வந்த மறுநாள்தான், 1968 செப்டம்பர் 27, ‘ஹேர்’ திறந்தாங்க. அமெரிக்கால டென்னஸி மாநிலத்துல சட்டனூகா ஊர்ல அரங்கம் தரமாட்டோம்னு சொன்ன கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1975ல நாடகக்காரங்க பக்கம் தீர்ப்பாச்சு. இவ்ளோ சண்டை போட்டு வாங்கின உரிமை அது.

ஹரே கிருஷ்ணா பத்தி: 1966ல இஸ்கான் தொடங்கின பிரபுபாதா நியூயார்க் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பார்க்ல மரத்தடில உக்காந்து கீர்த்தனம் பாடுனார், ஹிப்பி பசங்க சுத்தி நின்னு கூடப் பாடுனாங்க. நாடகம் எழுதின ரெண்டு பேரும் அந்தப் பார்க் இருக்கற ஈஸ்ட் வில்லேஜ் பகுதி ஜனங்களைப் பார்த்துத்தான் எழுதினாங்க. தெருவுல கேட்டது மேடைக்கு வந்துச்சு, வேஷம் இல்ல.

மடிப்பாக்கம்மாமி:
அன்னிக்கு அவா பக்தியாவே பாடியிருக்கட்டும். இன்னிக்கு இந்தக் குழந்தைகள் பாடறச்சே ஒருத்தி சூயிங்கம் மென்னுண்டிருந்தா. நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

தாளம்தப்பாதவன்:
அது தப்புதான், ரிகர்சல்லயே டைரக்டர் கண்டிச்சிருக்கணும்.

நாடகக்கிறுக்கி:
அமெச்சூர் குழு போட்டதுல ஒரு பெரிய பலம் இருக்கு, அதை யாரும் சொல்லல. க்ளாடா நடிச்சவன் காலேஜ் ரெண்டாவது வருஷம். பெரிய கம்பெனில முப்பது வயசு ஆளை நீளமுடி விக் வெச்சு நிறுத்துவாங்க. இவன் நிஜமாவே அந்த வயசு, முகப்பரு போகல, யூனிஃபார்ம் தோள்ல தொங்குது. வியட்நாம்ல செத்த 58,000 சொச்சம் அமெரிக்கப் பசங்கள்ல எத்தனையோ பேர் இந்த வயசுதான், அந்தப் பக்கம் செத்த வியட்நாம் ஜனங்க லட்சக்கணக்குல. அதான் எனக்கு இவ்ளோ ஆத்திரம். இப்படி ஒரு பையனை எங்க கண் முன்னாடி படுக்க வெச்சுட்டு, மூச்சு விடக்கூட நேரம் குடுக்காம ஆடக் கூப்பிட்டாங்களே.

சித்திரைவெயில்:
சரிக்கா, கொஞ்சம் இருட்டு விட்டு அப்புறம் கூப்பிட்டிருக்கலாம், செல்ஃபி ஆள் செஞ்சது அசிங்கம். ஆனா ஆட்டமே வேண்டாம்னா ஒத்துக்க மாட்டேன். என் பக்கத்துல ஆடுன பெரியவர் எழுபது தாண்டினவர், அந்தக் காலத்துல அண்ணனைப் பட்டாளத்துக்கு அனுப்பின வீடாம், கண்ல தண்ணி, கால் நிக்கல. அவரை யாரும் உக்காருங்கன்னு சொல்ல முடியாது.

நாடகக்கிறுக்கி:
அவரைச் சொல்லல தம்பி. அவர் எதுக்கு ஆடறார்னு அவருக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரிய வைக்காம விட்டதைத்தான் கேக்கறேன். இங்க டிராஃப்ட் 1973ல நின்னுச்சு, ஆனா பேர் பதியற சட்டம் இன்னும் இருக்கு, 18லேர்ந்து 25 வரைக்கும் ஆம்பளப் பசங்க, கிரீன் கார்டுல இருக்கற நம்ம பசங்களும் சேர்த்து. என் பெரியவன் பேர் போன வருஷம் பதிஞ்சாச்சு. வர்ற சனிக்கிழமை கடைசி ஷோ, டைரக்டருக்கு மெயில் போட்டிருக்கேன்: க்ளாட் எழுந்து உள்ள போற வரைக்கும் யாரையும் மேல கூப்பிடாதீங்க, அந்தக் கார்டு என்னன்னு ஷோ தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சொல்லிடுங்க. உனக்கும் சரின்னு பட்டா நீயும் ஒரு மெயில் போடு.

சித்திரைவெயில்:
கார்டு விஷயத்துக்குப் போடறேன். மேடை விஷயத்துல ‘இருட்டுல பத்து நொடி போதும்’னு தனியா எழுதறேன்.