கொல்லைப்புறக் கோழிகளுக்கு அங்ககத் தீவனம்: சான்றைப் பார்ப்பதா, தானியத்தைப் பார்ப்பதா?

வேலியோரம்:
கோவைக்கு மேற்கே, வீட்டின் பின்புறத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். முட்டைகள் முழுவதும் வீட்டுக் குழந்தைகளுக்கே போகின்றன. அதனால் கடைத் தீவனத்தை நிறுத்திவிட்டு அங்ககத் தீவனத்துக்கு மாற விரும்புகிறேன். ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்ட மூட்டைகள் விற்பனைக்கு வருகின்றன. விலை கூடுதலாக இருக்கிறதே தவிர, சான்றளித்தவர் யார் என்ற விவரம் மூட்டையில் எங்கும் காணவில்லை. இவற்றை நம்பி வாங்கலாமா, தானியம் வாங்கி நானே கலந்து கொடுப்பது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

செம்மண்காடு:
சான்று எண் இல்லாத மூட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அம்மா. நம் நாட்டில் அங்கக விளைபொருளுக்குச் சான்று பெற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2001இல் மத்திய வர்த்தக அமைச்சகம் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்; அதன்கீழ்ச் சான்று வழங்கும் தமிழ்நாடு அரசுத் துறை உங்கள் கோவையிலேயே இயங்குகிறது. மற்றொன்று, குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதிசெய்யும் பி.ஜி.எஸ். முறை. எந்த வழியாக இருந்தாலும் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, அது காலாவதியாகாமல் இருக்கிறதா, நீங்கள் வாங்கும் பயிரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னைக்கு வாங்கிய சான்றைக் காட்டி மக்காச்சோளம் விற்க வருபவரிடம் ஏமாறக் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட, மக்காச்சோளப் பயிரைத் தின்னும் படைப்புழு தமிழ்நாட்டுக்கும் பரவியதிலிருந்து, பூச்சிமருந்து படாத மக்காச்சோளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சோயாப் பிண்ணாக்கை எடுத்துக்கொண்டால், தீவன விலை ஏறியபோது மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எடுத்த 12 லட்சம் டன் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ, பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தியிலிருந்து வருவது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் சான்று என்ற ஒன்று இருக்கிறது.

தீவனக்கணக்கு:
செம்மண்காடு சொன்ன தகவல்களில் எனக்கு மாறுபாடு இல்லை. அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவில்தான் மாறுபடுகிறேன். தானியம் எப்படி விளைந்தது என்பதைத்தான் சான்று சொல்லும். அறுவடைக்குப் பிறகு அது எப்படிக் காய்ந்தது, எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்பது கோழியின் உடலுக்கு அதைவிடப் பெரிய செய்தி. ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் போன மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்தது. அங்கக மக்காச்சோளம் என்பதற்காகப் பூஞ்சை ஒதுங்கிப் போய்விடாது.

ஆகவே மூட்டையைப் பிரித்தவுடன் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘நறுக்’கென்று உடைய வேண்டும்; நசுங்கினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். முளை இருக்கும் கூர்முனையில் பச்சையோ சாம்பலோ படிந்திருந்தாலும், கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலும், புழுங்கல் வாடை அடித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் உலர்த்தினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். உலர்த்தினால் பூஞ்சை மேற்கொண்டு வளராதே தவிர, முன்பே உருவான நஞ்சு வெயிலுக்கும் அடுப்புச் சூட்டுக்கும் அசையாது.

கம்பங்கொல்லை:
பல்லடம் பக்கம் மானாவாரியில் கம்பும் எள்ளும் போடுகிறவன் நான். எந்தச் சான்றும் என்னிடம் கிடையாது. கட்டணத்தைக்கூடச் சமாளிக்கலாம், வரவு செலவு, விதை, எரு எல்லாவற்றுக்கும் பதிவேடு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் என்னைப் போன்ற தனியாளுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் கம்புக்கு யாரும் மருந்தடிப்பது எங்கள் ஊரில் அபூர்வம், அடித்தால் கட்டுப்படியாகாது. மருந்து அதிகம் தேவைப்படும் மக்காச்சோளத்துக்குச் சான்று தேடி அலைவதைவிட, மருந்தே தேவைப்படாத தானியத்துக்கு மாறிக்கொள்வது எளிதல்லவா? கம்பில் புரதம் 11 விழுக்காடு அளவுக்கு இருக்கும், மக்காச்சோளத்தில் 9தான். ஒரே குறை, கம்பை அதிகமாகத் தின்னும் கோழியின் மஞ்சள்கரு வெளிறிவிடும். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கட்டித் தொங்கவிட்டால் நிறம் திரும்பிவிடும்.

செம்மண்காடு:
அண்ணா, உங்கள் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் காட்டை நேரில் பார்க்காத ஒருவர் எதை வைத்து நம்புவது? ‘மருந்தடிக்காத கம்பு’ என்று சந்தையில் எல்லாரும்தான் சொல்கிறார்கள். மூட்டை இரண்டு வியாபாரிகளின் கை மாறிவிட்டால் யாருடைய கம்பு என்பது கடவுளுக்குத்தான் தெரியும். உங்கள் ஊரில் இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டால் பி.ஜி.எஸ். குழுவே அமைத்துவிடலாமே.

வேலியோரம்:
நேராகக் காட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ள எங்களால் முடியும். ஆனால் தானியம் மட்டும் போதுமா? கம்பு, கேழ்வரகு, கொஞ்சம் தவிடு, தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு தாவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் எல்லாச் சத்தும் கிடைத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

தீவனக்கணக்கு:
போதாது, அம்மா, ‘இயற்கைத் தீவனம்’ கொடுப்பவர்கள் பலர் இடறும் இடமே இதுதான். அசோலாவில் 20 முதல் 25 விழுக்காடு புரதம் என்பது காய்ந்த எடைக்குச் சொல்லப்படும் கணக்கு. பச்சை அசோலாவில் ஏறத்தாழ 94 விழுக்காடு தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலாவைத் தின்றால் கோழிக்குக் கிடைப்பது ஒன்றரை கிராம் புரதம்கூட இல்லை. முட்டையிடும் நாட்டுக்கோழிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிராமாவது வேண்டும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி என்பதும் அப்படித்தான். 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, நமக்கு அது பெரிது; ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டுமே 2 கிராம் சுண்ணாம்புச்சத்து போகிறது. கிளிஞ்சல் தூள் இல்லாமல் ஓடு கெட்டிப்படாது.

அடுத்தது மெத்தியோனைன். தானியமும் சோயாவும் அல்லது கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீவனத்தில் கோழிக்கு முதலில் பற்றாக்குறையாகும் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் கூறு, இதுதான். குறைந்தால் இறகு கொட்டும், முட்டை சிறுக்கும், ஒன்றையொன்று கொத்தும். ஆலைத் தீவனத்தில் செயற்கை மெத்தியோனைனைச் சேர்த்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். அங்கக விதிகளில் கண்டிப்பான அமெரிக்காவிலேயே, ஈடான இயற்கைப் பொருள் போதிய அளவில் கிடைக்காததால், முட்டைக்கோழித் தீவனத்தில் டன்னுக்கு 2 பவுண்டு வரை செயற்கை மெத்தியோனைன் சேர்க்க விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நமக்கு எள்ளுப் பிண்ணாக்கும் மீன்தூளும் கைகொடுக்கும்.

நான் பரிந்துரைப்பது: கம்பும் மக்காச்சோளமும் சேர்ந்து 57 கிலோ, தவிடு 15, எள்ளுப் பிண்ணாக்கு 10, கடலைப் பிண்ணாக்கு 10, உப்பிடாத மீன்தூள் 4, கிளிஞ்சல் தூள் 3, தாதுக்கலவை 1 என 100 கிலோ. புரதம் 16 முதல் 17 விழுக்காடு வரும். தானியத்தைக் குருணையாக உடைத்துப் போடுங்கள். முழுதாகப் போட்டால் கம்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பிண்ணாக்குத் தூளைத் தொட்டியிலேயே விட்டுவிடும். நீங்கள் போட்ட கணக்கு தொட்டியோடு நின்றுவிடும்.

செம்மண்காடு:
மீன்தூளை எப்படி அங்ககம் என்று சொல்வீர்கள்? கடலில் பிடித்த மீன் என்ன தின்றது என்று யாருக்குத் தெரியும்? மணலும் உப்பும் கலந்து விற்பதும் ஊரறிந்த செய்தி. எள்ளுப் பிண்ணாக்கின் பங்கைக் கூட்டிவிட்டு மீன்தூளை விட்டுவிடலாம்.

தீவனக்கணக்கு:
எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனைன் உண்டு, லைசின் என்ற மற்றோர் அமினோ அமிலம் குறைவு. கடலைப் பிண்ணாக்கிலும் லைசின் போதாது. மீன்தூளை விட்டால் புழு பூச்சியாவது வேண்டும். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கும் வைக்கோலும் காய்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தான். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். மீன்தூளுக்குப் பதில் இதைத் தாராளமாக ஏற்பேன்.

கம்பங்கொல்லை:
எள்ளுப் பிண்ணாக்கைச் செக்கிலிருந்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் பிண்ணாக்கு பிசுபிசுப்பாக இருக்கும். வாங்கி வந்ததும் உதிர்த்துக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பூத்துவிடும். பச்சரிசித் தவிடும் சில நாட்களில் காறல் வாடை அடிக்கும். புழுங்கலரிசித் தவிடு கொஞ்சம் தாங்கும்.

செம்மண்காடு:
கரையானுக்கு நானும் சம்மதம். சான்று விஷயத்தில் என் கருத்து மாறவில்லை: காட்டுக்கே போய்ப் பார்க்க முடிந்தவருக்குக் கம்பங்கொல்லை அண்ணன் சொல்வது பொருந்தும், அங்காடியிலும் இணையத்திலும் வாங்குகிறவருக்குச் சான்று எண்ணைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. மக்காச்சோளத்தை மட்டுமாவது சான்றுடன் வாங்குங்கள், அம்மா. கிடைக்காவிட்டால் அந்தப் பங்குக்கும் கம்பையே போடுங்கள்.

வேலியோரம்:
சரி, கம்பையும் எள்ளுப் பிண்ணாக்கையும் நேரில் வாங்கிக்கொள்கிறேன். சான்றுள்ள மக்காச்சோளம் கிடைக்கும்வரை முழுக்கக் கம்புதான். முதல் கலவையில் ஒரு பகுதியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, அஃப்ளாடாக்சின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்வேன். அடைக்கோழியின் குஞ்சுகளுக்கும் இதையே கொடுக்கலாமா?

தீவனக்கணக்கு:
கூடாது. குஞ்சுகளுக்கு 20 விழுக்காட்டுப் புரதம் வேண்டும். பிண்ணாக்கையும் மீன்தூளையும் கூட்டி, நன்றாகப் பொடித்துக் கொடுங்கள். கிளிஞ்சல் சேர்ந்த தீவனம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் குஞ்சும் ஒரே இடத்தில் மேய்வதாக இருந்தால், கிளிஞ்சலைக் கலவையில் சேர்க்காமல், குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். வேண்டிய கோழி தானே வந்து கொத்திக்கொள்ளும்.