சிக்னல் குறைந்த மலையில் கைப்பேசி சார்ஜைக் காப்பாற்ற வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். என் பெற்றோர் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அப்பா இதய நோயாளி. இரவில் அவசரம் என்றால் அம்மாவின் கைப்பேசிதான் ஒரே துணை. முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தாலும், யாரும் தொடாமலே விடிவதற்குள் கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் என் வீட்டில் இருந்தபோது அதே கைப்பேசி மறுநாள் மாலை வரை தாங்கியது. எனவே பேட்டரி போய்விட்டது என்று கடைக்காரர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிக்னல்தான் காரணம் என்று நினைக்கிறேன். டவர் எட்டாத இடத்தில் 4ஜி கைப்பேசி தன் அலைபரப்புத் திறனை 200 மில்லிவாட் வரை உயர்த்திக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடத் தொடங்கும்; சரியாக உறங்காது. அம்மாவின் கட்டிலருகே சிக்னல் மைனஸ் 118 டிபிஎம், ஜன்னலோரம் மைனஸ் 109 (டிபிஎம் சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்). பேட்டரிக் கணக்கில் மொபைல் நெட்வொர்க்தான் முதலிடம்.

5ஜியையும் இரண்டாவது சிம்மையும் நிறுத்தியாயிற்று. இரவில் டேட்டாவும் கிடையாது. பலன் சொற்பமே.

வீட்டுக்கு இப்போது பிராட்பேண்ட் வந்திருக்கிறது. விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையை மட்டும் இயக்கி, வைஃபை காலிங்கில் (டவருக்குப் பதில் வைஃபை வழியே வரும் அழைப்பு) விடலாமா? திரை அணைந்து கைப்பேசி உறங்கும்போதும் அழைப்பு தவறாமல் ஒலிக்குமா? ரவுட்டரில் டிடிஐஎம் மதிப்பை (உறங்கும் கைப்பேசி, தனக்குத் தகவல் உண்டா என்று பார்க்க ரவுட்டரின் எத்தனை சமிக்ஞைக்கு ஒருமுறை விழிக்கலாம் என்பதைக் குறிக்கும் எண்) 1-லிருந்து 3 ஆக்கினால் கைப்பேசி கூடுதல் நேரம் உறங்கும் என்கிறார்கள். அதனால் மணி ஒலிக்கத் தாமதமாகுமா? மின்வெட்டில் ரவுட்டர் அணைந்தால் அழைப்பே வராது என்பதுதான் என் பெரிய பயம். அதற்கு எந்த வகைச் சிறிய யுபிஎஸ் சரிப்படும்?

மலைப்பகுதியில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.