மறுமொழி: ‘நெறிமுறைத் திசு ஆய்வு’ – வேறு சொல் தேடுவோம்

ஐயா, வணக்கம்.

மாற்றுச் சிறுநீரகத்தில் கோளாறு தெரியாதபோதும் குறித்த மாதத்தில் ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்க்கும் ‘புரோட்டோகால் பயாப்சி’க்கு, நம் சொல்லாக்கக் குழுவில் நீங்கள் தந்த ‘நெறிமுறைத் திசு ஆய்வு’ இலக்கணப்படி சரி. ஆனால் என் தங்கை மகளுக்குத் தாயின் சிறுநீரகத்தைப் பொருத்திய 6ஆம் மாதம், இதே சொல் அச்சிட்ட ஒப்புதல் தாளைத்தான் கொடுத்தார்கள். தங்கை கடலூர் முதுநகரிலிருந்து போன் செய்து, “கிரியாட்டினின் ஏறவே இல்லையே அண்ணா, பிறகு ஏன் ஊசி? எதையாவது மறைக்கிறார்களா?” என்று அழுதாள். (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் அது ஏறும்.)

அவளுக்குப் பதில் சொல்கிற சொல் வேண்டும். பெரியவரின் சிறுநீரகம் சின்ன உடலுக்குத் தேவைக்கு மேலேயே உழைக்கும். உடல் அதை அந்நியமாகக் கருதித் தாக்கும் நிராகரிப்பு உள்ளே தொடங்கி ஒரு பகுதி கெட்ட பின்னும் இரத்தப் பரிசோதனை ஒழுங்காகவே காட்டலாம். கிரியாட்டினின் ஏறுவதற்குள் தழும்பு விழுந்துவிட்டால் மீட்க வழியில்லை. அதனால்தான் சில மையங்கள் 3, 6, 12ஆம் மாதங்கள் என்பதுபோல் முன்கூட்டியே நாள் குறித்துத் திசு எடுக்கின்றன.

‘வழக்கமான’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மனம் ஒப்பவில்லை. ஊசி போன இடத்தில் இரத்தம் கசியலாம் என்பதால் குழந்தை மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்தாள். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்ததும் தங்கை அந்தப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தாள். அதை ‘வழக்கம்’ என்று எப்படி எழுதுவது?

‘தவணைத் திசு ஆய்வு’ என்கிறேன். தடுப்பூசி அட்டையோடு சுகாதார நிலையத்துக்குப் போன தாய்க்கெல்லாம் ‘அடுத்த தவணை’ தெரியும். பிள்ளை நன்றாக இருக்கும்போதே நாள் பார்த்துப் போடுவது அது. கடன் வாடை அடிக்கிறது என்பீர்கள். குறித்த கெடு என்பதுதானே அதன் பொருள்? கடனுக்கும் அங்கிருந்துதான் வந்தது.

கிரியாட்டினின் ஏறிய பிறகு எடுப்பதை ‘ஐயத் திசு ஆய்வு’ எனலாம். கனடாவின் பான்ஃப் நகரில் 1991இல் கூடிய வல்லுநர்கள் தொடங்கிவைத்த, மாற்றுச் சிறுநீரகத் திசுவில் தெரியும் சேதத்தை வகைப்படுத்தும் முறையைக் கொண்டுதான் இரண்டையும் படிக்கிறார்கள். நுண்ணோக்கிக்கு இரண்டும் ஒன்றே; ஊசி எதற்காகப் போனது என்பதுதான் வேறு. அதைச் சொல் சொல்லவேண்டும்.

‘ஐயம்’ தாயை மிரட்டுமோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. புதுவை மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்கள் குழுவில் இருந்தால், வார்டில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.