உதவி: 'பயோ' ஒயில் ஊற்றிய பிறகு சாப்ட் சீல் ஊதிவிட்டது, எந்த றப்பர் போடலாம்?

முல்லை_வேக்சொப்:
வணக்கம் அண்ணைமார். புதுக்குடியிருப்பில் சின்ன வேக்சொப் வைத்திருக்கிறேன். முல்லைத்தீவில் ஒருவருடைய போட், உள்ளே டீசல் எஞ்சின், விசிறியைச் சுழற்றும் தண்டு (சாப்ட்) போகும் குழாய்க்குள் ஒயில் நிற்கும், அது கசியாமல் இரண்டு பக்கமும் கறுப்பு றப்பர் ஒயில் சீல். கடலில் கசிந்தாலும் மட்கிப்போகும் என்று ஒரு திட்டத்தில் அவருக்கு ஒரு கான் ஒயில் கொடுத்திருக்கிறார்கள். சீல் மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு 'எல்லாத்துக்கும் சரிவரும்' என்றார்களாம். பழையதை இறக்கிவிட்டு ஊற்றினோம், இரண்டரை மாதத்தில் கசிவு. கழற்றினால் கடல் பக்கத்துச் சீலின் லிப் (சாப்டில் உரசும் றப்பர் விளிம்பு) ஊதி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ஒயில் மோர் மாதிரி வெளுத்து, ஒரு புளிச்ச மணம். எந்தச் சீல் வாங்க?

வவுனியா_பாட்ஸ்:
பிறவுண் நிற வைட்டன் றப்பர் சீல் போடுங்கோ தம்பி. விலை கூட, ஆனால் கதை முடிஞ்சுது.

லீவில்_வந்த_செக்கன்ட்:
கதை அவ்வளவு சுலபமாக முடியாது. நான் கப்பலில் எஞ்சினியர், இப்போது கிளிநொச்சி வீட்டில் நிற்கிறேன். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் 79 அடிக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2013 டிசம்பரில், கடலில் கசியக்கூடிய இடங்களில் மட்கும் ஒயில்தான் வேண்டும் என்ற விதி வந்ததிலிருந்து இதே தலையிடியை நாங்களும் பட்டிருக்கிறோம்.

முதலில் கானில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'பயோ' என்பது ஒரே ஒயில் இல்லை. தாவர எண்ணெயில் செய்தது ஒன்று, எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துச் செய்தது) ஒன்று, பொலிகிளைக்கோல் என்கிற செயற்கை ஒயில் இன்னொன்று. தாவர எண்ணெயை உங்கள் கறுப்புச் சீலின் நைட்ரைல் றப்பர் பெரும்பாலும் தாங்கும், சில எஸ்டரில் அது ஊதும், பொலிகிளைக்கோலோ குழாயில் ஒட்டியிருக்கிற பழைய மினரல் ஒயிலோடு (வழமையான பெற்றோலிய ஒயில்) சேராமல் பிசின் மாதிரி ஆகிவிடும். பொலிகிளைக்கோலுக்கு நல்லது என்று யாராவது ஈபிடிஎம் என்ற றப்பரில் செய்த சீல் தந்தாலும் கவனம், மிச்ச மினரல் ஒயில் பட்டாலே அது ஊதிப்போகும்.

முல்லை_வேக்சொப்:
கானில் எச்இஇஎஸ் 68 என்று இருக்கிறது அண்ணை.

லீவில்_வந்த_செக்கன்ட்:
அப்போ எஸ்டர், அதுவும் ஹைட்ராலிக் ஒயில். உங்கள் மோர் நிறமும் புளிச்ச மணமும் அதோடு பொருந்துகிறது. கிருமி தின்று மட்கச் செய்கிற அதே பிணைப்பைத் தண்ணீரும் உடைக்கும், உடைந்தால் அமிலம் வரும். முதலில் சீல் ஊதித் தண்ணீர் வந்ததா, தண்ணீர் வந்து அமிலமாகிச் சீல் கெட்டதா என்று இப்போது சொல்ல ஏலாது. எப்படியும் அந்த ஒயிலைத் திருப்பி ஊற்றாதீர்கள்.

சீலுக்கு வைட்டன் சரி, ஆனால் பெரொக்சைட் கியூர் (பெரொக்சைட் சேர்த்து இறுக்கியது) என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் கலந்த ஒயிலில் மற்ற வகையை விட அது தாக்குப்பிடிக்கும். நிறத்தை நம்பாதீர்கள், கறுப்பு வைட்டனும் உண்டு, பிறவுண் சாயம் போட்ட நைட்ரைலும் உண்டு. ஓ றிங் (வெறும் றப்பர் வளையம்) என்றால் ஒரே அளவில் இரண்டை நகைக்கடைத் தராசில் வையுங்கள், வைட்டன் நைட்ரைலை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம். ஒயில் சீலுக்கு உள்ளே இரும்பு இருப்பதால் இந்த வித்தை சரிவராது. எரித்துப் பார் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், வைட்டன் எரிந்தால் வரும் புகை ஹைட்ரஜன் புளோரைட்.

ஒரு சீலைப் பலிகொடுக்க மனம் இருந்தால் லிப்பில் ஒரு துண்டு வெட்டி, வேர்னியரால் தடிப்பு அளந்து, இந்த ஒயிலோடு கொஞ்சம் கடல்தண்ணியும் விட்ட ஜாம் போத்தலில் போட்டு, மூடியை இறுக்காமல், றைஸ் குக்கரின் சூடு வைக்கிற நிலையில் ஒரு கிழமை விடுங்கள் (வீட்டுக் குக்கரை எடுத்தால் பிறகு சோறு கிடைக்காது, பழையது ஒன்று தேடுங்கள்). பிறகு திரும்ப அளந்து பாருங்கள். கொஞ்சம் ஊதினால் பயமில்லை. சுருங்கினால்தான் நான் அந்தச் சீலைத் தொடமாட்டேன், லிப் சாப்டை விட்டு விலகிவிடும்.

வவுனியா_பாட்ஸ்:
பெரொக்சைட் கியூர் எங்களிட்ட இல்லை, கொழும்பில் சொல்லி எடுக்கலாம். தம்பி, சாப்டையும் ஒருக்கால் பாருங்கோ.

முல்லை_வேக்சொப்:
பார்த்தேன் அண்ணை. லிப் ஓடின இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருக்கிறது. இதில் எந்தச் சீல் போட்டாலும் ஒழுகியிருக்கும் போல.

லீவில்_வந்த_செக்கன்ட்:
அதுதான் தண்ணீர் வந்த வழி. சீல் உட்காரும் குழியில் இடமிருந்தால் இரண்டு மில்லிமீற்றர் வளையம் ஒன்று கடைந்து சீலுக்குப் பின்னால் வையுங்கள், லிப் புது இடத்தில் ஓடட்டும். குழாயைப் புது ஒயிலால் இரண்டு தரம் கழுவி இறக்குங்கள். சட்டம் உங்கள் போட்டைக் கட்டாயப்படுத்தவில்லை, வைட்டன் வரும்வரை பழைய மினரல் ஒயிலோடும் நைட்ரைலோடும் ஓடலாம்.

முல்லை_வேக்சொப்:
வளையம் கடைந்து போட்டாச்சு, நைட்ரைல்தான், மினரல்தான். கானை முதலாளி கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டார், வைட்டன் வந்தால் எழுதுகிறேன்.