அரை கிராம் கல்பாசி: நம்ம ஊர்ச் சாப்பாட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றியவர்கள் சொல்லுங்கள்

மசாலாக்காரன்:

நான் காரைக்குடியில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறவன். போன வருஷம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கன உலோகச் சோதனை அறிக்கை இல்லாமல் சரக்கை எடுக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் ஊரில் ஆய்வகம் என்று வாயைத் திறந்தாலே எல்லோரும் சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, வழி சொல்வார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த இடம். ஊருக்கே பெருமைதான். ஆனால் அவர்கள் தொழில் மின்வேதியியல். உணவுச் சோதனைக்கு வெளியூர் போனேன்.

குறைவாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்று மூன்று கிலோ பொடி கட்டிக்கொண்டு போனேன். அதில் அரை கிராம் எடுத்தார்கள். அதையும் டெஃப்லான் குப்பியில் போட்டு நைட்ரிக் அமிலம் ஊற்றி, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி ஒன்றில் வைத்து மூடிவிட்டார்கள். வெளியே வந்தபோது பொடியும் இல்லை, மணமும் இல்லை. மூடியைத் தளர்த்தியதும் பழுப்புப் புகை போனது, அடியில் தெளிந்த தண்ணீர் மாதிரி கொஞ்சம். சீரகம், சோம்பு, பட்டை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறதாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அறிக்கையில் வாங்குகிறவர் சொன்ன அளவைவிட ஈயம் கொஞ்சம் கூடுதல். குரோமியமும் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சளில் நிறத்துக்காக ஈயமும் குரோமியமும் சேர்ந்த லெட் குரோமேட் என்ற சாயத்தைக் கலப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் நான் விரலி மஞ்சளாக வாங்கி நானே அரைக்கிறவன். யாராவது இதில் மாட்டியிருக்கிறீர்களா? பிறகு என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் உங்கள் ஊகத்தைக் கேட்போம்.

ஆய்வகக்காரி:

ஈயமும் குரோமியமும் சேர்ந்து வந்ததும் பயந்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். லெட் குரோமேட்டில் எடைக்கு எடை பார்த்தால் ஈயம் குரோமியத்தைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு இருக்கும். உங்களுக்கு குரோமியம் தூக்கலாக இருந்து கூடவே நிக்கலும் வந்திருந்தால், அது அரவை இயந்திரத்தின் ஸ்டீல் பிளேடு தேய்ந்தது. சோதனைக்கு வரும் பொருளை வீட்டு மிக்ஸியில் அரைத்துக் கொண்டுவருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நாங்கள் அகேட் கல் உரலில்தான் இடிப்போம்.

ஈயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம் கல்பாசி.

கருவியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ஐசிபி-எம்எஸ் என்ற இந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆர்கான் வாயுவைப் பிளாஸ்மா ஆக்கி, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான அந்தத் தீக்குள் உங்கள் கரைசலைத் தூவும். அணுக்கள் மின்னேறி, எடை பார்த்துப் பிரிக்கப்பட்டு எண்ணப்படும். எடை பார்ப்பதுதான் அதன் பலம், ஏமாறுவதும் அங்கேதான். ஒரு மாணவர் உப்புக்கண்டம் கொண்டுவந்தார், ஊரில் அம்மா செய்ததாம். ஆர்சனிக் எகிறியது. பையன் முகம் வெளிறிவிட்டது, ஊருக்கு போன் போடப் போனவரை நிறுத்தினேன். ஆர்சனிக்கின் எடை 75. உப்பில் இருக்கும் குளோரின் 35, பிளாஸ்மாவில் இருக்கும் ஆர்கான் 40. இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் 75. கருவிக்கு வித்தியாசம் தெரியாது. கருவிக்குள் ஹீலியம் வாயு நிரப்பும் அறை ஒன்று உண்டு, ஹீலியம் செல் என்போம். அன்று அந்த மாணவர் அதைப் போட மறந்திருந்தார். ஹீலியத்தைத் திறந்து விட்டதும் பருமனான அந்த ஜோடி முட்டி மோதி வேகம் இழந்து பின்தங்கிவிட்டது, ஒற்றை அணுக்கள் தப்பி வந்தன. எண் தரையில் விழுந்தது. உப்புக்கண்டத்தை மதியம் நாங்களே வறுத்துச் சாப்பிட்டோம்.

மசாலாக்காரன்:

ஆய்வகக்காரி சொன்னதுதான். மல்லி, மிளகு, மஞ்சள், பட்டை, கல்பாசி என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். மஞ்சள் சுத்தம். (இந்தியாவில் மஞ்சளுக்கு ஈய வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதன் பக்கத்தில்கூட இல்லை.) மாட்டியது கல்பாசிதான். குரோமியத்துக்குக் காரணம் என் அரவை இயந்திரம், பிளேடை மாற்றிவிட்டேன்.

கல்பாசி லைக்கன் வகை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கு வேர் கிடையாது. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு காற்றையும் பனியையும் குடித்தே வளர்கிறது, காற்றில் என்ன வந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று மாசை அளக்க விஞ்ஞானிகள் லைக்கனைத்தான் சுரண்டி எடுத்துப் போவார்களாம். நம் செட்டிநாட்டுக் கோழிக்குழம்பின் உயிரே அதுதான், என்ன செய்ய! சாலையோரத்தில் சேகரித்ததா, காட்டுக்குள் சேகரித்ததா என்று வியாபாரியிடம் கேட்டால் சிரிக்கிறார். இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் அரை கிராம் சோதித்த பிறகுதான் வாங்குகிறேன். பத்துப் பேருக்கான குழம்புக்கு இரண்டு இதழ் போட்டாலே அதிகம் என்பதால் வீட்டில் நிறுத்தவில்லை.

பள்ளத்தூரான்:

எங்கள் அப்பத்தாவின் ஈயச் சொம்பு விஷயத்தை இங்கே சொல்லலாம். சீர் சாமானில் வந்தது. அந்தச் சொம்பில் வைத்த ரசத்துக்கு ஈடு கிடையாது, ருசியில் பாதி ஞாபகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஒழுகிவிடும் என்று யாரையும் தொட விடமாட்டார்கள். சொம்பு வெள்ளீயம் (டின்), 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

பிரச்சினை என்னவென்றால், வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் (மேலே நீங்கள் ஈயம் என்று பேசிய லெட்) மலிவு. வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காரீயம் காகிதத்தில் கோடு இழுக்கும் என்று அப்பா சொல்வார், கலப்பில் அந்தச் சோதனை பலிக்காது. மகள் கல்லூரியில் படிப்பதால், சொம்பில் வைத்த ரசம் ஒரு குப்பி, எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்த அதே ரசம் ஒரு குப்பி என்று கொடுத்தனுப்பினேன். எவர்சில்வர் ரசத்தில் காரீயம் இல்லை என்றே சொல்லலாம். சொம்பு ரசத்தில் காரீய அணுக்கள் வரும் 206, 207, 208 என்ற மூன்று எடையிலும் காரீயத்தின் கோடு எழும்பியிருந்தது. புளி அத்தனையையும் கரைத்துவிட்டது.

அப்பத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. சொம்பு இப்போது முகப்பில், அலமாரியில் இருக்கிறது. ரசம் எவர்சில்வரில்.

ஆய்வகக்காரி:

அந்த மூன்று எடைகளும் இன்னொரு வேலைக்கும் உதவும். காரீயத்துக்கு ஒவ்வொரு சுரங்கத்திலும் 206, 207, 208 விகிதம் கொஞ்சம் மாறும். பங்களாதேஷில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளிலிருந்துதான் வந்திருக்கும் என்று 2019-இல் வந்த ஆய்வு இந்த விகிதத்தை வைத்துத்தான் சொன்னது.

தேவகோட்டை மருமகள்:

கவுனி அரிசியில் ஆர்சனிக் இருக்கிறது என்று வாட்சப்பில் வருகிறதே, உண்மையா? விசேஷம் என்றால் எங்கள் வீட்டில் கவுனரிசி இல்லாமல் இலை போடுவதில்லை.

ஆய்வகக்காரி:

எந்த அரிசியிலும் கொஞ்சம் இருக்கும் ஆச்சி. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஆர்சனிக் கரைந்து வரும், நெல் அதைச் சிலிக்கா என்று நினைத்து உறிஞ்சிவிடும். அது தவிட்டில்தான் அதிகம் தங்கும், கவுனி தவிடு நீக்காத அரிசி. அதனால்தான் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் (நச்சு அதிகமான வடிவம்) என்றும், தீட்டாததற்கு 0.35 என்றும் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்தால் நன்றாகக் குறையும். ஆனால் வடித்தால் நிறம் போய்விடும் என்று கவுனியை ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைப்போம். விசேஷத்துக்கு ஒரு கரண்டி சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், தினமும் குழந்தைக்குக் கவுனிக் கஞ்சி கொடுக்கிறவர்கள் யோசிக்கலாம்.

இன்னொன்று, மொத்த ஆர்சனிக் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். இறாலில் மொத்த எண் அரிசியைத் தூக்கிச் சாப்பிடும், அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற தீங்கில்லாத வடிவம். வடிவங்களைப் பிரித்துவிட்டுத்தான் கருவிக்குள் அனுப்ப வேண்டும்.

பலகாரக்கடைப் பேத்தி:

எங்களுக்கு உலோகம் இல்லை, புரதம். ஆச்சி மனகோலம் என்ற செட்டிநாட்டுப் பலகாரம் செய்து சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு கடைக்காரர் நிலக்கடலை இல்லை என்று சான்று கேட்டார். நாங்களும் நம்பிக்கையோடு கொடுத்தோம், தேங்காய் எண்ணெயில்தான் பொரிக்கிறோம். முதலில் வம்பு லேபிளில் ஆரம்பித்தது. தமிழில் 'கடலை' என்று எழுதியிருந்தோம், நாங்கள் சொன்னது பொட்டுக்கடலை. மொழிபெயர்த்தவர் நிலக்கடலை ஆக்கிவிட்டார்.

அதைத் திருத்தி, நிலக்கடலைப் புரதத்துக்கு ஒரு காகிதப் பட்டைச் சோதனை (ஸ்ட்ரிப் டெஸ்ட்) செய்தோம், இல்லை என்று வந்தது. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பொரித்த பலகாரத்தில் சூட்டால் புரதத்தின் வடிவம் மாறிவிடும், பட்டையில் இருக்கும் எதிர்ப்பொருள் அதை அடையாளம் கண்டுகொள்ளாமல் போகலாம் என்றார். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கே போனோம். அங்கே புரதத்தை முழுதாகப் பார்ப்பதில்லை. டிரிப்சின் என்ற நொதி அதை லைசின், ஆர்ஜினின் வரும் இடங்களில் வெட்டித் துண்டாக்கும். நிலக்கடலைக்கு மட்டுமே உரிய துண்டுகளைக் கருவி தேடும். பொட்டுக்கடலையின் துண்டுகள் வேறு, குழப்பம் வராது.

நிலக்கடலைத் துண்டுகள் இருந்தன. கொஞ்சமே, ஆனாலும் இருந்தன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆச்சி அசையவில்லை. "எண்ணெயைக் குத்தம் சொல்லாதே, மாவு மில்லைப் போய்ப் பாரு" என்றார்கள். போனேன். எங்கள் அரிசிக்கு முன்னால் அதே கல்லில் நிலக்கடலைப் பொடி அரைத்திருந்தார்கள், மாவு வரும் துணிப்பையின் மடிப்பில்கூடக் கடலை வாசம். இப்போது ஆச்சி துணிப்பையை வீட்டிலிருந்தே கொண்டுபோய்க் கட்டச் சொல்கிறார்கள். முதல் இரண்டு படி அரிசியை அரைத்து அந்த மாவை மாட்டுக்கு வைத்துவிட்டுத்தான் எங்கள் மாவைப் பிடிக்கிறோம். அடுத்த சோதனையில் எண் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அதனால் 'நிலக்கடலை அரைக்கும் மில்லில் அரைத்தது' என்று லேபிளில் ஒரு வரி சேர்த்துவிட்டோம். கடைக்காரர் பாதி ஆர்டரைத்தான் எடுத்தார். மீதியை ஆச்சி ஆடிப்பெருக்கன்று தெருவுக்கே பங்கு வைத்துவிட்டார்கள்.